கானற்கோமானின் கைவேர்வை குறித்துக் கோலாள் ஆதன் விடுத்த ஓலை

முந்நூற்று நாற்பத்தொரு பொன்னும் அரைப் பணமும். கழிமுகம் ஏழும் உப்பளம் எழுபதும் உடையவரும், வெயிலையே வெண்குடையாகக் கொண்டவருமாகிய கானல்நாட்டு வேந்தர் பெருவெயிலர், முகில் உறங்கும் மலை பன்னிரண்டையும் ஆளும் மஞ்சுநாட்டு அரசி நறைக்கொடித் தேவியாருக்கு, குழிப்பந்தாட்டத்தில் ஏழு ஆண்டுகள் இடையறாது தோற்ற வகையில், இம்முதுவேனில் முழுநிலா நாள் காலைவரை பட்டிருந்த கடன் இது.

மலை தழைக்க. அருவி வற்றாதிருக்க. கன்றுகள் குளிரில் நடுங்காதிருக்க. தேவியாரின் கோல் பிடிக்கும் கை என்றும் உலர்ந்திருக்க.

தேவியாரின் குடியும், பெருங்கல்லூரில் கல் சுமந்தவனும், இந்நாளில் கானல்நாட்டு வேந்தரின் பந்துக்கோல் சுமப்பவனும் ஆகிய ஆதன், அடி பணிந்து, தன் கையாலேயே கீறி விடுக்கும் ஓலை.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். நாற்பத்திரண்டு வயதுவரை பாறையைத் தவிர வேறெதையும் கீறாத கை இது. இன்று அந்தக் கை மகிழ்ச்சியில் வேர்க்கிறது; எழுத்தாணி விரலிடுக்கில் அயிரை மீனைப் போலத் துள்ளுகிறது. மூன்று ஓலை கிழிந்துவிட்டது, இது நான்காவது. இங்கே திருமுகம் எழுதும் புலவர் என் நிலையைப் பார்த்துவிட்டு, அரசியாருக்கு எழுதுவதென்றால் வாக்கியம் நீண்டு, நின்று, நிதானமாக நடக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். நீட்டலாம், நிறுத்தலாம். நிதானம்தான் வரமாட்டேன் என்கிறது.

இவ்வோலை அவையில் உரக்க வாசிக்கப்படும்போது ஆட்டத்தின் முறை அறியாத இளைய அமைச்சர்களும் இருப்பார்களாதலால், அவர்கள் பொருட்டு முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைந்த கோலால் மரப்பந்தை அடித்து, ஒன்பது குழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக இட வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். முன்னாளில் இரு நாட்டு மன்னர்களும் ஒரே களத்தில் ஆடினார்கள் என்றும், ஒரு பந்து வரப்புக்கு இப்புறம் விழுந்ததா அப்புறம் விழுந்ததா என்ற வழக்கில் இரண்டு ஆண்டு போர் நடந்தது என்றும், அதன்பின் அவரவர் தம் நாட்டுக் களத்திலேயே ஆடி எண்ணிக்கையை மட்டும் ஓலையில் அனுப்புவது என்று உடன்படிக்கை ஆயிற்று என்றும் சொல்வார்கள். எண்ணிக்கை எழுதும் பணியை முதலில் புலவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பத்தாண்டுக் காலம் தோல்விகளையெல்லாம் வெற்றியாகப் பாடித் தள்ளிவிட்டார்கள். ஆகவே உடன்படிக்கையைத் திருத்தினார்கள்: இவர் கோலை அவர் நாட்டு ஆள் சுமக்க வேண்டும், சுமந்தவனே எண்ண வேண்டும், எண்ணியவனே தன் கையால் எழுத வேண்டும், வேந்தரிடம் அவன் எண்ணைத் தவிர வேறொரு சொல்லும் பேசக் கூடாது, ஏனென்றால் வேற்று நாட்டான் காதருகே நின்று எதையாவது ஓதி ஆட்டத்தைக் கெடுத்துவிடுவான். அந்த விதிப்படிதான் கல் சுமந்தவன் எண்ணிக்கை தவறமாட்டான் என்று அடியேனைத் தேர்ந்து, எட்டு மாதம் மணலில் விரல் தேய எழுத்துக் கற்பித்து, இங்கே அனுப்பி வைத்தீர்கள்.

கடனுக்கும் விதி உண்டு. வித்தியாசப்படும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொன். பந்து கிணற்றில் விழுந்தால் அரைப் பணம். அந்தப் பொன்னை எடை போட்டுக் கொடுத்துத் தீர்ப்பது இழிவு. ஆடியே தீர்க்க வேண்டும். தோற்றவர் என்றைக்கு ஓர் அடி குறைவாக ஆடி வெல்கிறாரோ, அன்றைக்குப் பழைய கடன் மொத்தமும் தீரும். சமமாக முடிந்தால் தீராது. கடன் தீரும்வரை கோலாள் இருவரும் தத்தம் ஊர் திரும்பக் கூடாது.

இப்போது அமைச்சர்களுக்கு விளங்கியிருக்கும். தேவியார் வெல்ல வெல்ல, தேவியாரின் குடியாகிய அடியேன் இந்த உப்புக்காற்றில் காய்ந்துகொண்டே இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் அரசி வென்றார் என்று மார்தட்டுவேன். தட்டிய கையாலேயே தலையிலும் அடித்துக்கொள்வேன். நான்காம் ஆண்டில், தேவியாரின் எண்ணிக்கை ஓலை கொண்டுவந்த ஓட்டக்காரன் என் மனைவி சேந்தி சொல்லியனுப்பியதையும் கொண்டுவந்தான். அவள் சொன்னதை அவன் அப்படியே மனப்பாடமாக ஒப்பித்தான்: “ஒன் ராசா கை வேர்வை காயறதுக்குள்ள என் கண்ணு காஞ்சிரும் போலிருக்கு. கூரைய நானே மேஞ்சுட்டேன். எப்ப வர்றேன்னு எண்ணுல சொல்லு. கதை வேணாம்.” எண்ணில் சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. ஓட்டக்காரனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.

கானற்கோமான் ஆடத் தெரியாதவர் என்று தேவியார் எண்ணிவிட வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் அவர் பழகும்போது பார்க்க வேண்டும். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது அடிகளில் ஒன்பது குழியையும் முடித்துவிட்டு, இன்னொரு முறை ஆடலாமா என்று கேட்பார். ஆனால் உடன்படிக்கை ஆட்டம் முதுவேனிலில் வருகிறது. மஞ்சுநாட்டில் அது போர்வையை மடித்து வைக்கும் காலம். இங்கோ களத்தில் காற்று செத்துக் கிடக்கும். பக்கத்திலேயே கடல் சோற்றுப்பானையைப் போல ஆவி விடும். வேந்தரின் வேர்வை உள்ளங்கையில் மட்டும் ஊறுவதன்று; கழுத்தில் தொடங்கி, தோளில் இறங்கி, முழங்கையில் ஒன்றுகூடி, கால்வாய் வெட்டியதுபோல நேராகக் கையுறைக்குள் போய்த் தேங்கும். அவர் கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு குருவி குளிக்கலாம். அந்தக் கையால் கோலை ஓங்கினால் பந்து இருந்த இடத்தில் இருக்கும், கோல் பறந்துவிடும். பறந்த கோலுக்கு அபராதம் ஓர் அடி. முதல் ஆண்டில் மட்டும் இருபத்தாறு முறை பறந்தது. அதில் ஒன்று நீதிபதியின் பல்லக்குக்குள் இவ்வழியாகப் புகுந்து அவ்வழியாக வெளியேறியது. நடுவில் நீதிபதி இருந்தார். தலைப்பாகையோடு போயிற்று, வேறொன்றும் ஆகவில்லை.

அரண்மனை சும்மா இருக்கவில்லை. உடைப்பேழைக் காப்பாளர் செங்கண்ணனார் என்று ஒருவர், வேந்தரின் உடையும் அணியும் அவர் பொறுப்பு. நல்லவர், ஆனால் வழக்கம் என்ற சொல்லைக் கேட்டால் நீரில் விழுந்த உப்பைப் போலக் கரைந்துவிடுவார். அவர் ஆண்டுக்கொரு வழி கண்டுபிடித்தார். கையைத் துடைக்கப் பட்டுத் துணி வைத்தார். பட்டு நீரைத் தடவிக்கொடுத்ததேயன்றிக் குடிக்கவில்லை. அரிசி மாவு பூசினார்; மாவும் வேர்வையும் சேர்ந்து ஐந்தாம் குழிக்குள் வேந்தரின் கையில் கொழுக்கட்டை திரண்டது, காக்கைகள் ஆறாம் குழிவரை கூடவே வந்தன. அதன் பிறகு மான்தோல் கையுறை ஆறு இணை தைத்து, ஒன்றை அணியும்போது மற்ற ஐந்தையும் நிழலில் கழியில் தொங்கவிட்டு உலர்த்தி, மாற்றி மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். இது நல்ல வழி என்று அடியேனே நினைத்தேன். தோல் உலர்ந்திருந்தால் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். ஆகவே உலர்ந்ததைப் போடு, நனைந்ததைத் தொங்கவிடு. இதில் குறை காண எதுவும் இல்லை. இருந்தும் அந்த ஆண்டுதான் கோல் முப்பத்தொரு முறை பறந்தது. மருத்துவர்கள் கூடி வேந்தருக்கு வெள்ளரிச்சாறு புகட்டினார்கள். சோதிடர்கள் கோலின் பிறந்த நாளைக் கேட்டார்கள்.

இந்த ஆண்டு காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு பூனை.

ஆட்டம் தொடங்கும் நாள் காலையில், களத்தின் ஓரத்தில் கோல்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களைப் பூனை ஒன்று கையுறைக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வேந்தரின் வலக்கைக் கையுறையை விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தது. தோலை நக்குகிற பூனையை நான் எங்கும் பார்த்ததில்லை. விரட்டிவிட்டுக் கையுறையை எடுத்து மோந்து பார்த்தேன். நெய். நல்ல பசுநெய், பச்சைக் கற்பூரம் போட்டது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. போருக்குப் புறப்படும் வேந்தரின் மேல் படும் ஒவ்வொரு பொருளுக்கும், அது உடலில் படுமுன் நெய் சாத்த வேண்டும் என்பது கானல்நாட்டு வழக்கம். குழிப்பந்து போருக்குப் பதிலாக வந்ததல்லவா. ஆகவே கையுறைக்கும் அந்த மரியாதை உண்டு. களத்தின் ஓரத்தில் ஒரு திரை கட்டி, அதன் பின்னே செங்கண்ணனார் தாமே கரண்டி பிடித்து, ஓர் இணைக்கு ஆறு துளி விட்டு, விரல் முதல் மணிக்கட்டுவரை பக்தியோடு தேய்த்துவிடுவார். உலர்த்தி எடுத்து மாட்டும்போதெல்லாம் மறுபடியும் ஆறு துளி. கையுறை எவ்வளவு அடிக்கடி மாற்றப்பட்டதோ அவ்வளவுக்கு நெய் ஏறியது. ஏழு ஆண்டாக வேந்தர் வேர்வையோடு போராடுவதாக நாடே கண்ணீர் விட்டது. வேர்வை பாவம், பாதிப் பழியைத்தான் சுமக்க வேண்டியது.

இனி அடியேன் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் குழியில் கோல் மூன்று முறை பறந்தது. மூன்றாவது முறை வேந்தரின் குடையைப் பொத்துக்கொண்டு போயிற்று. மூன்று இணை மாற்றினார்கள். திரையின் அடிப்பக்கம் ஒரு சாண் தூக்கலாக இருந்ததால், கரண்டியின் நிழல் எனக்குத் தெரிந்தது. எண்ணுவதுதான் கோலாளின் வேலை, எண்ணினேன். பந்து குழியில் விழுந்ததும், முறைப்படி வேந்தரின் முன்னே போய் நின்று, முறைப்படி தொகையைச் சொன்னேன்.

“அடி பதினொன்று. நெய் பதினெட்டுத் துளி.”

கோமான் வேர்வையை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு ஆண்டில் அடியைத் தவிர வேறு எதையும் நான் எண்ணிச் சொன்னதில்லை. எந்த நெய் என்று கேட்டார். விடை எண்ணாக இல்லாததால் நான் வாயைத் திறக்கவில்லை, திரையைப் பார்த்தேன். அவர் கையுறையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். பூனையும் வந்து சேர்ந்தது. செங்கண்ணனாரை அழைத்துக் கேட்டதற்கு, அவர் சற்றும் கலங்காமல், இது மூதாதையர் வழக்கம் என்றும், வாளுக்கு நெய் பூசாமல் எந்த வேந்தர் போருக்குப் போயிருக்கிறார் என்றும் விண்ணப்பித்துக்கொண்டார்.

“வாளின் அலகுக்குத்தானே ஐயா நெய் பூசுவார்கள்,” என்றார் கோமான். “கைப்பிடிக்குமா பூசுவார்கள்?”

செங்கண்ணனார் வாய் திறந்தபடி நின்றார். அவர் தந்தையாரும் பாட்டனாரும் அவருக்குப் பின்னால் அப்படியே வாய் திறந்து நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. வேந்தருக்குச் சினம் வரும் என்று குடைபிடித்தவன் ஓரடி பின்வாங்கினான். வந்தது சிரிப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோலை ஊன்றிக்கொண்டு, வேர்வை தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் பறையடிப்பவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாத கடைசி வரிசைக்காரன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான்.

நெய்யில்லாத கையுறை ஒன்றுகூட எஞ்சவில்லை. வெறுங்கையிலோ ஆறு ஓடுகிறது. இப்போது என்ன செய்வது என்று கோமான் பொதுவாகக் கேட்டார். ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டார். தேவியாரே, இந்த இடத்தில் அடியேன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நெய்யை எண்ணிச் சொன்னதுகூட எண்ணிக்கைக் கணக்கில் அடங்கும். இது அடங்காது. ஆனாலும் சொன்னேன்.

“துண்டு ஒன்று. தண்ணீர் ஒரு செம்பு. சுற்று மூன்று. முடிச்சு இரண்டு.”

மஞ்சுநாட்டார் அனைவருக்கும் தெரிந்ததுதான் இது. மழையில் கயிறு பிடித்துக் கல் இழுக்கும்போது, தோலை நம்பினவன் பள்ளத்தில் கிடப்பான். முரட்டுப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டால், அது நனைய நனையக் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும். இங்கே இவர்கள் ஏழு ஆண்டாகக் கையை உலர்த்தப் பாடுபட்டார்கள். உலராத கையை உலர்த்துவானேன்? மழை நனைத்தால் என்ன, வேர்வை நனைத்தால் என்ன, ஈரம் ஈரம்தானே. இதை நான் ஏன் ஏழு ஆண்டாக நினைக்கவில்லை என்று தேவியார் கேட்டால், அதற்கும் விடை உண்டு: நானும் அவர்களோடு சேர்ந்து உலர்த்திக்கொண்டிருந்தேன். நெய் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் மண்டை திறந்தது.

என் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து இரண்டாக்கி, செம்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து நீட்டினேன். செங்கண்ணனார் இடையில் புகுந்து, ஏற்கெனவே நனைந்த கைக்கு மேலும் தண்ணீரா என்றும், கல் சுமந்தவன் தோள்துண்டு வேந்தரின் கையில் படுவது எந்த ஏட்டில் இருக்கிறது என்றும் முறையிட்டார். ஏட்டில் இல்லாவிட்டால் நாளைக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்று கோமான் இரண்டு கையையும் என்னிடம் நீட்டிவிட்டார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. அதோடு, முழங்கைக்கு மேலே ஒரு கிழிசலைக் கட்டிவிட்டேன். மேலிருந்து இறங்குகிற வேர்வை அங்கேயே நின்றுவிடட்டும் என்று.

இரண்டாம் குழியில் அவர் ஓங்கியபோது களத்தில் பாதிப் பேர் குனிந்துகொண்டார்கள். பழக்கம். கோல் கையிலேயே இருந்தது. பந்துதான் பறந்தது. எல்லாரும் வேந்தரின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் பந்து எங்கே போயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை. தேடிப் போனால், குழிக்கு ஐந்து முழத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. கோமான் கோலை உதறிப் பார்த்தார். விழவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். விழவில்லை. ஐந்து வயதுக் குழந்தையைப் போல என்னைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தலையாட்டக் கூடாது என்று உடன்படிக்கையில் இல்லை.

அதன் பிறகு என்ன சொல்ல. ஏழு, ஆறு, ஆறு, ஐந்து என்று குழிகள் போயின. இரண்டு குழிக்கு ஒருமுறை துணியை அலசிப் பிழிந்து கட்டுவேன். கோலின் பிடியையும் துடைப்பேன், கையை மட்டும் துடைத்துவிட்டுப் பிடியை மறப்பவன் பாதி வேலைதான் செய்கிறான். வெயில் அப்படியே இருந்தது. கடல் அப்படியே கொதித்தது. கோமான் முன்னைப் போலவே ஊற்றாக வேர்த்தார். ஆனால் வேர்க்க வேர்க்கப் பிடி இறுகியது. ஆறாம் குழியருகே அவர் தாமாகவே பாடத் தொடங்கினார். இந்நாட்டார் வேந்தர் பாடிக் கேட்டதில்லை. ஏன் என்பதும் அப்போது எனக்கு விளங்கியது. எட்டுக் குழி முடிந்தபோது ஐம்பத்துநான்கு அடி.

ஒன்பதாம் குழிக்கு வந்தோம். தேவியாரின் எண்ணிக்கை, நம் நாட்டில் முந்தைய முழுநிலா நாளிலேயே ஆடி முடிக்கப்பட்டு, முத்திரையிட்ட ஓலையாக வந்து, களத்து மேடையில் பேழைக்குள் இருந்தது. ஒன்பதாம் குழி முடிந்த பிறகே அதைத் திறக்கலாம். உள்ளே என்ன எண் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தேவியார் எப்போதும் அறுபதை ஒட்டியே ஆடுபவர் என்பது ஏழு ஆண்டாகத் தெரியும். ஐம்பத்தொன்பதில் முடித்தால் ஊருக்குப் போகலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அறுபது என்றால், சொல்ல முடியாது.

நான்கு அடியில் பந்து குழியிலிருந்து இரண்டு முழத்துக்கு வந்துவிட்டது. குழி வாயில் கிடந்த சருகை எடுக்கக் குனிந்திருந்தேன். கோமான் நின்று, மூச்சை அடக்கி, கோலைப் பந்தின் பின்னே வைத்தார். வைக்கும்போது கோலின் நுனி பந்தைத் தொட்டது. பந்து ஒரு நெல்லின் அகலம் நகர்ந்தது. அவ்வளவுதான். அவருக்கே தெரியவில்லை, அவர் கண் குழியின் மேல் இருந்தது. களத்தில் வேறு எவரும் பார்க்கும் தூரத்தில் இல்லை. கடலும் நானும் பார்த்தோம்.

தொட்டு நகர்ந்தால் அடி. அது விதி.

எண்ணாமல் விட்டிருக்கலாம். கேட்பாரில்லை. ஓர் எண்ணை விழுங்கினால் மழை, சேந்தி, என் கூரை, எல்லாம். தேவியாரே, பெருங்கல்லூரில் ஆறு பேர் தூக்கும் கல்லை நால்வராகத் தூக்கியிருக்கிறேன். இந்த ஒரு சொல் அதைவிடக் கனமாக இருந்தது. ஆனால் இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது எண் ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் கோல் சுமக்க என்னை ஏன் வைத்திருக்க வேண்டும், ஒரு கழுதை போதுமே.

“ஐந்து,” என்றேன்.

பறை நின்றது. செங்கண்ணனார் ஓடிவந்து, நான்குதான், நாங்கள் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம், மலைநாட்டான் தன் அரசிக்காகப் பொய் சொல்கிறான் என்று கூவினார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அரசிக்காக! கோமான் கையமர்த்திவிட்டு, எப்போது என்று கேட்டார். எண்ணில்தான் சொல்ல வேண்டும்.

“நெல் ஒன்று.”

அவர் குனிந்தார். பந்து முதலில் இருந்த இடத்தில் புல் அழுந்தி ஒரு சிறு குழிவு. பந்து அதைவிட்டு ஒரு நெல் தள்ளி நின்றது. அந்த இடைவெளியை விரல்நுனியால் அளந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தாமே உரக்க, “ஐந்து” என்றார். ஆறாம் அடியில் பந்து குழிக்குள் விழுந்தது. அறுபது.

மேடையில் பேழையைத் திறந்தார்கள். தேவியாரின் கோல் சுமக்கும் இந்நாட்டு உப்பள ஆள் நெய்தலன் எழுதிய ஓலை. அவன் எழுத்து என் எழுத்தைவிடக் கோணல், பார்த்ததும் மனத்துக்கு ஓர் ஆறுதல். கோமான் முத்திரையை உடைத்து, தாம் வாசிக்காமல் என்னிடம் நீட்டினார். வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்தேன். எழுத்தைக் கற்றுக்கொண்டது இதற்காகத்தான் என்று மூன்றாம் முறையும் வாசித்தேன். செங்கண்ணனார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அறுபத்தொன்று.”

பிறகு நடந்ததை முறையாக எழுத என்னால் ஆகாது. வேந்தர் முடியையும் காலணியையும் கழற்றி எறிந்துவிட்டு, என் துண்டுக் கிழிசல் கையில் சுற்றியபடியே கடலுக்குள் ஓடினார். அமைச்சர்கள் அவரைத் தடுக்க ஓடினார்கள்; அவர் கழுத்தளவுக்குப் போன பிறகு தடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அவர்களும் குதித்தார்கள். பறையடித்தவர்கள் கை வேர்த்துக் குச்சிகள் பறந்தன. செங்கண்ணனார் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பதினெட்டுத் துளி, பதினெட்டுத் துளி என்று அழுதுகொண்டே சிரித்தார். அடியேன் மணலில் உட்கார்ந்தேன். அவ்வளவு களைப்பாக இருந்தது. ஏழு ஆண்டுக் களைப்பு, ஒரே நாளில் கூலி கேட்க வந்து நின்றது. எழுந்தபோது கால் தானாகவே ஆடியது. நான் ஆடவில்லை, கால்தான் ஆடியது.

எனக்குப் பின் இந்தப் பணிக்கு வரும் மஞ்சுநாட்டான் எவனோ, அவனுக்கு இதைச் சொல்லி அனுப்புக. துணி முரடாக இருக்க வேண்டும், புதுத்துணி உதவாது, பத்துத் தடவையாவது துவைத்ததாக இருக்க வேண்டும். சொட்டச் சொட்டக் கட்டாதே, பிழிந்து கட்டு. வேந்தர் நடக்கும்போது கையை விரித்தபடி நடக்கச் சொல்ல முடியாது, நீ எண்ணைத் தவிர எதுவும் பேச முடியாதே; ஆகவே “விரல் பத்து” என்று சொல், அவருக்குப் புரியும். தோல் கையுறை போடும் நாளில் நனைந்ததைச் சுருட்டிக் கூடையில் போடாதே, மறுநாள் பலகையாகிவிடும். பூனைக்கு மரியாதை செய்.

அடியேன் குற்றத்தைச் சொல்லி முடிக்கிறேன். தேவியாரின் சோற்றைத் தின்றவன் தேவியாரை எதிர்த்து ஆடியவருக்கு வழி காட்டினேன். உடன்படிக்கையின் எழுத்தை மீறவில்லை, ஓர் எண்ணைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் அதன் மனத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன் என்று அறிவேன். இதற்குத் தண்டனை உண்டு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். எது வேண்டுமானாலும் ஆகட்டும், அதை மலையில் வைத்தே தந்தருள வேண்டும் என்பது ஒன்றுதான் விண்ணப்பம்.

இனி வருவது கானற்கோமான் கடலிலிருந்து ஏறி, தலை துவட்டாமலே சொல்லச் சொல்ல எழுதியது. அவர் சொல்லாதது ஒன்றும் இதில் இல்லை.

கானல்நாட்டு வேந்தர் பெருவெயிலர் ஆணை. நெய் இன்று முதல் சோற்றுக்கே உரியது, கையுறைக்கு அன்று. ஈரத்துணிக் கட்டு அரண்மனை வழக்கங்களில் ஒன்றாக எழுதப்படுக. அதை எழுதும் பொறுப்பு செங்கண்ணனாருக்கே ஆகுக. நெய்தலன் மூட்டை கட்டலாம் என்று மஞ்சுநாட்டு அரசியார் அவனுக்கு அறிவித்தருள்க. தன் ஊருக்குப் போகும் வழியை அது அடைத்துவிடும் என்று தெரிந்தும் ஐந்தை ஐந்து என்று சொன்ன கோலாள் ஆதனுக்கு ஒரு புதுத் தோள்துண்டும், எல்லைவரை ஏறிச் செல்ல ஒரு குதிரையும் தரப்படுக. குதிரை வேண்டாம், நடந்தே போகிறேன் என்று அவன் சொன்னதால், அவன் பின்னே அது வெறுமனே நடந்து வரட்டும். அடுத்த முதுவேனிலில் கணக்கு புதிதாகத் தொடங்கும். அரசியார் தம் கோலைத் துடைத்து வைத்துக்கொள்க.

முந்நூற்று நாற்பத்தொரு பொன்னும் அரைப் பணமும், இரு நாட்டுச் சாட்சிகள் முன்னிலையில், கடன் ஏட்டில் குறுக்கே கீறி அழிக்கப்பட்டன. கீறியது அடியேன் கை. கை வேர்த்திருந்தது; எழுத்தாணி வழுக்கவில்லை.

இவ்வோலைக்கு அலைமுத்திரை இடப்பட்டது. இதைக் கொண்டுவருபவன் இதை எழுதியவனே. வாசித்து முடிக்கும் இந்நேரம் அவன் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருப்பான். மழை பெய்தால் அவனுக்குக் குடை அனுப்ப வேண்டாம்.

கடன் தீர்ந்தது.